கன்றுக்குட்டியிடம் ஈ கேட்ட கேள்வி

வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈ ஒன்று தன் பெயரை மறந்துபோன கதையைத் தமிழ்நாட்டில் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. பெயரைத் தேடிப் புறப்பட்ட ஈ முதலில் போய்க் கேட்பது கொழுத்த கன்றுக்குட்டியிடம். அடுத்து அதன் தாயிடம், பிறகு மேய்க்கிறவனிடம், அவன் கைக்கோலிடம். இப்படி ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் குதிரையிடம்தான் அதற்குப் பெயர் கிடைக்கிறது. இந்தக் கதையைக் கட்டியவர் யாராக இருந்தாலும் மாட்டுக்கொட்டிலைக் கூர்ந்து பார்த்தவர். வீடு மெழுகுவது சாணத்தால். சாணத்தைவிட்டுக் கிளம்பிய ஈ முதலில் போவது கன்றிடம். பால் பண்ணைகளில் வீட்டு ஈ மிகுதியாகப் பெருகும் இடங்களில் கன்று கட்டும் மூலை முதன்மையானது என்று இன்றைய பூச்சியியலும் சொல்கிறது. அங்கேதான் சாணம், மூத்திரம், சிந்திய பால், மிதிபட்ட வைக்கோல் எல்லாம் ஒன்றாக ஊறிக் கிடக்கும். பெரிய மாட்டின் காலடியை இரண்டு வேளை பெருக்குகிறவர்கள்கூடக் கன்று படுக்கும் இடத்தை அப்படியே விட்டுவிடுவது வழக்கம்.

கதையில் ஈ கேட்கும் கேள்வி நல்ல ஆராய்ச்சிக் கேள்வியும்கூட. கொட்டிலில் மொய்க்கும் இந்தப் பூச்சியின் பெயர் என்ன? அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: அது எங்கே பிறந்தது? கறவை மாடு வளர்ப்பவர்கள் ஈயைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்று அளக்க விரும்பும் யாரும் இந்த இரண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். “ஈ நோய் பரப்பும் என்பது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டால் எல்லோரும் “தெரியும்” என்பார்கள். அந்தப் பதிலை வைத்து விழிப்புணர்வுக்கு மதிப்பெண் போட்டால் மதிப்பெண் உயரும். கொட்டிலில் ஒரு ஈயும் குறையாது.

இந்தக் கேள்விகளைத் திருவக்கரையை வைத்துப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் வராக நதிக்கரையில் இருக்கிறது அந்த ஊர். சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளியம்மனும் பௌர்ணமிக் கூட்டமும் ஊரின் பெயரை வெளியே கொண்டுபோனவை. கல்மரங்கள் இன்னொரு பெருமை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் செம்மண் மேட்டை 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியக் கல்மரப் பூங்காவாக்கியது. பூங்காவைத் தாண்டினால் மல்லாட்டை, சவுக்கு, கரும்பு, நெல் என்று காணி, நடுநடுவே கல்குவாரி. தெருவுக்குள் வந்தால் வீட்டோரம் ஒன்றிரண்டு கறவை மாடு. காலையும் மாலையும் தூக்கிலும் கேனிலும் பால் போகிறது. இந்த வட்டாரத்துச் சொசைட்டிகளில் சேரும் பால் விழுப்புரம்–கடலூர் மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் ஒன்றியத்துக்கும், மற்றது தனியார் நிறுவனங்களுக்கும் புதுச்சேரிக் கடைகளுக்கும் செல்கிறது.

இந்த மாடுகள் தாத்தா காலத்து மாடுகள் அல்ல. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகள் ஏறத்தாழ 95 லட்சம். அவற்றில் பெரும்பகுதி கலப்பினம். சமவெளியில் பெரும்பாலும் ஜெர்சிக் கலப்பு. 2011இல் தொடங்கிய விலையில்லாக் கறவை மாடு திட்டம் ஐந்தாண்டுகளில் 60,000 மாடுகளை ஏழைப் பெண்களுக்குக் கொடுத்தது. நிலமே இல்லாத வீட்டுக்கும் ஒரு மாடு வந்தது பெரிய காரியம்தான். நாட்டு மாடு பகலெல்லாம் மேய்ச்சலில் திரியும். போட்ட சாணம் நிலம் முழுக்கச் சிதறும், வெயில் காய்ச்சும், சாணி உருட்டும் வண்டு மண்ணுக்குள் இழுத்துப்போகும். கலப்பின மாட்டுக்கு வெயில் ஆகாது. முளைக்குச்சியில் கட்டியே தீனி போட வேண்டும். நாளுக்கு 10 முதல் 15 கிலோ சாணம் ஒரே இடத்தில் விழுகிறது. இரண்டு மாடு உள்ள வீட்டில் ஆண்டுக்கு 7 டன்னுக்குமேல் சேரும்.

அந்தச் சாணம் முன்பு எங்கே போயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பங்கு வாசல் தெளிக்கவும் தரை மெழுகவும் போனது. பெரும்பங்கு வரட்டியாகச் சுவரில் ஏறியது. ஈயின் புழு வளர ஈரம் வேண்டும். சாணத்தில் பாதிக்குமேல் ஈரம் இருக்கும்வரைதான் அது செழிக்கும். கையகலத்துக்கு மெல்லியதாகத் தட்டி வெயில் படும் சுவரில் ஒட்டிய வரட்டி ஓரிரு நாளில் மேல்தோல் கட்டி உலர்ந்துவிடும். முட்டையிலிருந்து வெளிவந்த புழு வளர்ந்து முடிக்க அந்த அவகாசம் போதாது. அடுப்புக்காக வரட்டி தட்டிய பாட்டி, தான் ஈயைக் கட்டுப்படுத்துவதாக நினைத்திருக்க மாட்டாள். ஆனால் செய்துகொண்டிருந்தாள். மாநில அரசின் இலவச எரிவாயு அடுப்பும் 2016இல் வந்த உஜ்வலா திட்டமும் சமையலறைப் புகையிலிருந்து பெண்களை விடுவித்தன. அந்த விடுதலையை யாரும் குறை சொல்ல முடியாது. வரட்டிக்குப் போன சாணம் மட்டும் எருக்குழிக்குத் திரும்பியது. குழி, கொட்டிலிலிருந்து பத்தடி தள்ளி இருக்கிறது.

இப்போது விழிப்புணர்வுக்கு வருவோம். மாட்டுக்குக் காயம் பட்டால் இந்தப் பக்கத்தில் யாரும் முதலில் சொல்வது, “ஈ உக்காராம பாத்துக்க, புழு வச்சிடும்” என்பதைத்தான். கொம்பு முறிந்த இடம், கயிறு அறுத்த கழுத்து, பிறந்த கன்றின் தொப்புள் என்று ஆபத்தான இடங்களெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சீத்தா இலையை அரைத்து வைப்பார்கள், வேப்பெண்ணெய் தடவுவார்கள். புண்ணில் புழு வைப்பது பெரும்பாலும் வேறு இனம், பச்சையும் நீலமுமாக உடல் மின்னும் ஈ. அது போகட்டும். ஈ முட்டையிடுகிறது, முட்டையிலிருந்து புழு வருகிறது என்ற தொடர்பு அவர்கள் மனத்தில் தெளிவாக இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். அதே ஆள் எருக்குழியைக் கிளறும்போது நெளியும் வெள்ளைப் புழுக்களைப் பார்த்தால் “சாணின்னா புழு இருக்கத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். புண்ணில் தெரிந்த தொடர்பு குழியில் அறுந்துவிடுகிறது.

இதைப் படிப்பறிவுக் குறை என்று சொல்லிவிட வேண்டாம். அழுகிய இறைச்சியே புழுவைப் பிறப்பிக்கிறது என்று ஐரோப்பாவின் பெரிய அறிஞர்களும் நூற்றாண்டுக் கணக்கில் நம்பினார்கள். 1668இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி சில ஜாடிகளில் இறைச்சியை வைத்துச் சிலவற்றின் வாயைத் திறந்தும் சிலவற்றை மெல்லிய துணியால் மூடியும் வைத்தார். திறந்த ஜாடியில் மட்டுமே புழு வந்தது. மூடிய ஜாடியில் இறைச்சி அழுகியது, புழு வரவில்லை. அவ்வளவு எளிய சோதனை. குழியில் கிடக்கும் புழுவைப் பார்ப்பவரின் கண்ணில் ஈ இல்லை. ஈயைப் பார்ப்பவரின் கண்ணில் புழு இல்லை. இரண்டுக்கும் நடுவில் மண்ணுக்குள் நடப்பதை யாரும் காட்டித்தராதவரை தொடர்பு தெரியாது.

காட்டித்தந்தால் பதியும் என்பதற்கு அதே குழியில் இன்னொரு சான்று கிடக்கிறது. தென்னை வைத்திருப்பவர்களுக்குக் காண்டாமிருக வண்டின் குண்டுப் புழு நன்றாகத் தெரியும். கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக, வளைந்து கிடக்கும். எருக்குழியில் இதைப் பார்த்தால் எடுத்து நசுக்க வேண்டும், விட்டால் தென்னங்குருத்தைத் துளைக்கும் என்று வேளாண் துறை ஆண்டுக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறது. குழிக்கும் குருத்துக்கும் உள்ள தொடர்பை மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதற்குப் பக்கத்திலேயே நெளியும் அரிசியளவுப் புழுவைப் பற்றி அதே அளவு அக்கறையோடு யாரும் பேசவில்லை.

அந்த அரிசியளவுப் புழுவின் நாட்கணக்கு இது. பெண் ஈ ஒரு தடவைக்கு 100 முதல் 150 முட்டை வரை ஈரச் சாணத்தின் வெடிப்புகளில் இடும். வாழ்நாளில் 500 வரை. நம் வெயிலில் ஒரு நாளுக்குள் முட்டை பொரியும். புழு நான்கைந்து நாள் தின்று மூன்று பருவம் கடக்கும். அதன் பிறகு ஈரம் அதற்குப் பிடிக்காது. குழியின் ஓரத்துக்கு ஊர்ந்துவந்து, உதிரியான காய்ந்த மண்ணில் புகுந்து, தன் தோலையே கெட்டியாக்கிக் கூடாக மாற்றிக்கொள்ளும். செம்பழுப்பு நிறத்தில் கோதுமை மணிபோல் இருக்கும் அந்தக் கூட்டிலிருந்து இன்னும் மூன்று நான்கு நாளில் ஈ வெளியே வரும். ஆக 7 நாளிலிருந்து 10 நாள். சென்ற புதன்கிழமை கூடையில் அள்ளிக் கொட்டிய சாணம் இந்தப் புதன்கிழமையை ஒட்டி ஈயாகத் திரும்பி வருகிறது. கொட்டிலைப் பெருக்குவது தினமும் நடக்கிறது. குழியைத் தொடுவது கோடையிலோ ஆடியிலோ நிலத்துக்கு எரு அடிக்கும்போதுதான். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கப்படும் குழியில் ஈக்கு முப்பது தலைமுறைக்குமேல் கிடைத்துவிடும்.

பெயர்க் கேள்விக்குத் திரும்புகிறேன். “ஈ” என்ற ஒரே சொல்லுக்குள் கொட்டிலில் குறைந்தது இரண்டு பூச்சிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று மஸ்கா டொமஸ்டிகா என்ற வீட்டு ஈ. அது கடிக்காது; கடிக்கப் பல்லும் ஊசியும் அதற்கு இல்லை. பஞ்சு போன்ற வாயால் ஒற்றி உறிஞ்சும். இன்னொன்று அளவிலும் நிறத்திலும் ஏறக்குறைய அதேபோல் இருக்கும் ஸ்டோமாக்ஸிஸ் கால்சிட்ரன்ஸ். அதன் வாயிலிருந்து கறுப்பு ஊசி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஆணும் பெண்ணும் ரத்தம் குடிக்கும். மாட்டின் கால்களில், தலை மேலே பார்த்தபடி உட்காரும். மாடு தரையை ஓயாமல் உதைத்துக்கொண்டு நிற்கிறது, தலையை முன்னங்காலுக்கு வீசுகிறது, கறக்கும்போது நிலைகொள்ளவில்லை என்றால் பெரும்பாலும் அது இந்தக் கடிக்கும் ஈயின் வேலை. கண்ணோரத்திலும் மூக்கிலும் காம்பிலும் பால் தூக்கின் விளிம்பிலும் மொய்த்துக்கொண்டிருப்பது வீட்டு ஈ.

வேறுபாடு தெரிவதால் என்ன லாபம்? இரண்டும் பிறக்கும் இடம் சற்றே வேறு. கடிக்கும் ஈக்குச் சுத்தமான சாணத்தைவிட மூத்திரமும் சாணமும் ஊறி மக்கும் வைக்கோல் பிடிக்கும். மழையில் நனைந்த வைக்கோல் போரின் அடிப்பகுதி, தீவனத் தொட்டியைச் சுற்றி மாடு கழித்துப்போட்ட தட்டு, இவைதான் அதன் பிறப்பிடம். குழியை மட்டும் ஒழுங்குபடுத்தி இவற்றை விட்டுவிட்டால் மாடு உதைத்துக்கொண்டேதான் இருக்கும். இந்த ஒரு பூச்சியால் அமெரிக்க மாட்டுத் தொழிலுக்கு ஏற்படும் இழப்பு ஆண்டுக்கு 200 கோடி டாலருக்கும் அதிகம் என்று 2012இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. வலியோடு நிற்கும் மாடு தீனி எடுக்காது, அசை போடாது, பால் இறக்காது. 2019இல் ஒடிசாவில் முதலில் கண்டறியப்பட்டு 2022இல் ராஜஸ்தானையும் குஜராத்தையும் உலுக்கிய தோல் கழலை நோயும் ரத்தம் குடிக்கும் பூச்சிகள் வழியாகவே பெரும்பாலும் பரவுகிறது. தமிழ்நாட்டு மாடுகளையும் அது விடவில்லை. தடுப்பூசி போடுவதோடு கொசுவையும் ஈயையும் உண்ணியையும் கட்டுப்படுத்துமாறு கால்நடை மருத்துவர்கள் அன்று ஊர் ஊராகச் சொன்னது இதனால்தான்.

கடிக்காத வீட்டு ஈயைப் பொறுத்தவரை இழப்பு மாட்டின் உடலைவிடப் பாலிலும் வீட்டுக்குள்ளும் அதிகம். திடப்பொருளை அதனால் தின்ன முடியாது. எச்சிலைக் கக்கிக் கரைத்துத்தான் உறிஞ்ச முடியும். சாணத்தில் உட்கார்ந்து எழுந்த கால்களோடும் அதே வாயோடும் காம்பில் உட்காருகிறது. கறந்து முடித்த பிறகு காம்பின் துளை மூட ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மாடு படுக்காமல் இருக்கத் தீனி போட்டு நிற்கவைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது மடிநோய்க் கிருமி உள்ளே போகாமல் இருக்கத்தான். தரையிலிருந்து வரும் கிருமிக்காகச் சொன்ன அறிவுரை காம்பில் உட்காரும் ஈக்கும் பொருந்தும். மனிதர் பக்கம் பார்த்தால், பாகிஸ்தான் கிராமங்களில் மருந்தடித்து ஈயை ஒழித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1999இல் லான்செட் இதழில் வெளியானது. அங்கே சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 23 சதவீதம் குறைந்திருந்தது. கொட்டிலும் அடுப்பங்கரையும் ஒரே கூரையை ஒட்டியிருக்கும் வீடுகளில் இந்த எண்ணை வெறும் எண்ணாகப் படிக்க என்னால் முடியவில்லை.

ஈ பெருகிவிட்டது என்றதும் கை போகும் இடம் மருந்துப் பாட்டில். பெரும்பாலும் மாட்டுக்கான மருந்துகூட இல்லை. கத்தரிக்கோ நெல்லுக்கோ வாங்கி மிச்சம் இருந்ததைத் தண்ணீரில் கலந்து கொட்டிலில் அடிப்பதும் நடக்கிறது. மாடு தன் உடம்பை நக்கும். தீவனத் தொட்டியில் துளி விழும். பாலில் எச்சம் வரும். பயிருக்கான பூச்சிக்கொல்லி மாட்டைக் கொன்றும்விடும். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை. கால்நடைக்கென்று உள்ள டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளும் மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில்தான் பயன்பட வேண்டும்.

அளவோடு அடித்தாலும் அந்த வழி நெடுந்தூரம் போகாது. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் கண்டறிந்த பவுல் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசு வருவதற்கு முன்பே சுவீடனிலும் இத்தாலியிலும் டி.டி.டி.க்கு அசையாத வீட்டு ஈக்கள் வந்துவிட்டன. பிறகு வந்த ஒவ்வொரு மருந்துக் குடும்பத்துக்கும் அதே கதைதான். பத்து நாளுக்கு ஒரு தலைமுறை என்று ஓடும் பூச்சி, தப்பிப் பிழைத்தவற்றின் பிள்ளைகளால் சீக்கிரமே கொட்டிலை நிரப்பிவிடும். இன்னொரு கணக்கும் உண்டு. நாம் கண்ணால் பார்க்கும் ஈக்கள் மொத்தத்தில் சிறு பங்கு. மிச்சம் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் குழிக்குள் இருக்கிறது. சுவரில் அடிக்கும் மருந்து அதைத் தொடாது. குழிக்குள்ளேயே மருந்தை ஊற்றினால் இன்னும் மோசம். ஈயின் முட்டையைத் தின்னும் சிற்றுண்ணிகள், புழுவைத் தின்னும் சிறு வண்டுகள், கூட்டைத் துளைத்து அதற்குள் தன் முட்டையை வைக்கும் எறும்பளவுக் குளவிகள் எல்லாம் அந்தக் குழியில்தான் வாழ்கின்றன. ஈயைவிட மெதுவாகப் பெருகும் இவை செத்தால், திரும்பி முதலில் வருவது ஈதான்.

இங்கே சாணி வண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு ஐரோப்பியர் மாடுகளைக் கொண்டுபோனார்கள். கங்காருவின் காய்ந்த புழுக்கைக்குப் பழகிய அந்த ஊர் வண்டுகளால் மாட்டுச் சாணத்தைச் சமாளிக்க முடியவில்லை. நிலமெங்கும் சாணம் கிடக்க, ஈ மண்டியது. ஜார்ஜ் போர்னமிஸா என்ற பூச்சியியலாளரின் முயற்சியால் 1960களிலிருந்து ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் சாணி வண்டுகளை வரவழைத்து அந்த நாடு வளர்த்தது. நமக்கு அவை ஏற்கெனவே மண்ணில் இருக்கின்றன. குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசியின் எச்சம் சாணத்தில் இறங்கி அந்த வண்டுகளின் குஞ்சுகளைக் கொல்கிறது. தேவைக்குப் போடலாம், வழக்கமாகப் போடக் கூடாது.

புகை போடுவது பழைய வழி. வேப்பிலை, நொச்சி, ஆடாதோடை என்று அந்தி நேரத்தில் மூட்டம் போட்டால் கொசுவும் ஈயும் விலகும், மாடு சற்று நேரம் நிம்மதியாகத் தீனி எடுக்கும். அந்த நிம்மதிக்கு மதிப்பு உண்டு. ஆனால் புகை ஈயைப் பக்கத்துக் கொட்டிலுக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி பரப்பிய மரபுவழிக் கால்நடை மருத்துவத்தில் பூண்டு, வேப்பிலை, வசம்பு, மஞ்சள், உண்ணிச்செடி இலை, துளசி எல்லாம் அரைத்துக் கலக்கி மாட்டின் மேல் தெளிக்கும் முறை இருக்கிறது. உண்ணிக்காகச் சொல்லப்பட்டது. பயிர் மருந்தைத் தேடும் கைக்கு இது எவ்வளவோ பாதுகாப்பான மாற்று. இரவில் ஈ உட்காருவது கூரைக் கீற்றிலும் தொங்கும் கயிற்றிலும் என்பதால் பசை தடவிய நாடாவை அந்த உயரத்தில் தொங்கவிடுவது பலன் தரும். வெல்லத் தண்ணீரோ கருவாடோ வைத்த பாட்டில் பொறியைக் கொட்டிலுக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் இல்லாத ஈயையும் கூப்பிட்டு வரும்.

இவை எல்லாம் பக்கவேலை. முதல் வேலை குழியில் இருக்கிறது, அதுவும் கடினமானதாக இல்லை. சாணத்தைக் குவித்து நன்றாக அழுத்தி, ஓரம் சரியாமல் கட்டி, தார்ப்பாயால் இறுக்கி மூடினால் உள்ளே சூடு ஏறும். மக்கும் எருவின் நடுப்பகுதி 55 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் புழு பிழைக்காது. அதனால்தான் மூடாத குவியலில் புழு மேல்தோலிலும் ஓரத்திலும் மட்டுமே கிடக்கிறது. மூடிவிட்டால் அந்த ஓரமும் சுடும், புது முட்டைக்கும் வழி அடைபடும். தார்ப்பாய் வாங்க முடியாவிட்டால் அன்றன்றைய சாணத்தின் மேல் ஒரு கை ஆழத்துக்குக் காய்ந்த மண்ணும் சருகும் போடலாம். வாரம் ஒருமுறை மேல்பகுதியைக் கிளறி உள்ளே தள்ளினால் பத்து நாள் கணக்கு நடுவில் அறுந்துபோகும். சாண எரிவாயுக் கலன் உள்ள வீட்டில் செரித்து வெளிவரும் கரைசலை ஈ அவ்வளவாக நாடுவதில்லை.

குழி ஓரத்தில் கோழி கிளறுவதைத் தொந்தரவாக நினைத்து விரட்டுகிறவர்கள் உண்டு. அது அங்கே தேடுவது புழுவையும் கூட்டையும்தான். கனடாவின் ஒன்டாரியோவில் பால் பண்ணைகளில் மணிலா வாத்தை விட்டுப் பார்த்து, அது ஈயை வெகுவாகக் குறைப்பதாக 1990இல் ஆய்வு வெளியிட்டார்கள். நம் தெருவில் நாலு நாட்டுக்கோழி எந்த ஆய்வறிக்கையும் இல்லாமல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. புழு ஓரத்து மண்ணுக்கு வரும் என்று தெரிந்தவர் அந்த ஓரத்தைக் கோழிக்குத் திறந்துவிடுவார்.

இவ்வளவும் எழுதிவிட்டு, இதைச் செய்யப்போவது யார் என்று கேட்காமல் விட்டால் கட்டுரை பாதிதான். மாடு பெரும்பாலும் ஆணின் பெயரில் சொசைட்டிக் கணக்கில் இருக்கும். சாணக் கூடை பெண்ணின் தலையில் இருக்கும். விடியலில் எழுந்து சாணம் அள்ளி, கறந்து, பால் ஊற்றி, சமைத்து, நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போகிறவர் அவர். குழி கொட்டிலுக்குப் பத்தடியில் இருப்பதற்குக் காரணம் அறியாமை அன்று; கூடையின் கனம். ஐம்பதடி தள்ளி வைக்கச் சொல்லும் அறிவுரை அவர் நாளில் எத்தனை நடையைக் கூட்டுகிறது என்பதைச் சொல்கிறவர் கணக்கிட வேண்டும். மனைக்கட்டு இரண்டு சென்ட்டே உள்ளவருக்குத் தள்ளிவைக்க இடமும் இல்லை. வேலை உறுதித் திட்டத்தில் மாட்டுக்கொட்டகை கட்டித்தந்திருக்கிறார்கள். சிமெண்டுத் தரை போட்ட கொட்டகை கழுவ எளிது, நல்லது. அதிலிருந்து ஓடும் தண்ணீர் போய்த் தேங்கும் இடத்தையும் சாணம் போய்ச் சேரும் குழியையும் அதே மதிப்பீட்டில் சேர்த்தால் பணம் முழுதாகப் பயன்படும். இரண்டு மூன்று வீட்டுக்குப் பொதுவாக மூடி வைத்த குழியும் ஒரு தள்ளுவண்டியும் இருந்தால் கூடையே தலையிலிருந்து இறங்கிவிடும்.

பொதுவாகச் செய்ய வேண்டியதற்கு இன்னொரு காரணம் ஈயின் இறக்கை. பிறந்த இடத்திலிருந்து ஓரிரு கிலோமீட்டர் அதற்குப் பெரிய தூரமில்லை. ஒரு வீடு குழியை மூடி ஏழு வீடு திறந்து வைத்தால் அந்த ஒரு வீட்டுக்காரர் பத்தாம் நாள் தார்ப்பாயை மடித்து வைத்துவிடுவார், நியாயமாகவே. மழைக்காலம் வந்தால் இது இன்னும் கூர்மையாகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்குமேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு குழியில் சாணம் வாரக்கணக்கில் காயாது. வைக்கோல் போர் அடியிலிருந்து அழுகும். இரு வகை ஈக்கும் தேவையானது ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். ஐப்பசி பிறக்கும் முன்பே குழிக்கு வரப்புக் கட்டி மூடுவதும் போரை மேட்டில் போடுவதும் ஊராகச் சேர்ந்து செய்யக்கூடிய வேலைகள்.

ஆகவே திருவக்கரையிலோ வேறு ஊரிலோ கேள்வித்தாளோடு போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஈ கெட்டதா என்று கேட்காதீர்கள். உங்கள் மாட்டின் காலில் உட்காரும் ஈயும் காம்பில் உட்காரும் ஈயும் ஒன்றா என்று கேளுங்கள். குழியில் நெளியும் புழு பிறகு என்னவாகிறது, எத்தனை நாளில் என்று கேளுங்கள். கன்று படுக்கும் இடத்தைக் கடைசியாக எப்போது வாரினீர்கள், கூடையைத் தூக்குவது யார், குழிக்கு எத்தனை நடை என்று கேளுங்கள். பதிலை ஆண் சொல்லும்போது கொட்டிலுக்குள் நிற்கும் பெண்ணையும் பாருங்கள். திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. புதுச்சேரி குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்தக் கேள்விகளோடு வர ஆள் இல்லாத வட்டாரமில்லை இது.

வரும்போது வாயகன்ற கண்ணாடிப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவரலாம். ஏதாவது ஒரு வீட்டுக் குழியிலிருந்து, அந்த வீட்டுக்காரம்மா கையாலேயே, முற்றிய வெள்ளைப் புழுக்கள் இருபதை ஒரு பிடி சாணத்தோடும் கொஞ்சம் காய்ந்த செம்மண்ணோடும் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, சொசைட்டியில் லாக்டோமீட்டர் வைத்திருக்கும் மேசையின் ஓரத்தில் வைத்துவிட வேண்டும். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். பால் ஊற்ற வருகிறவர்கள் காலையும் மாலையும் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் வெள்ளைப் புழு மண்ணுக்குள் போயிருக்கும். மூன்றாம் நாள் கண்ணாடியை ஒட்டிச் செம்பழுப்பு மணிகள் தெரியும். ஒரு வாரத்தை ஒட்டி ஒரு காலையில், தூக்கோடு வந்த பிள்ளை யாராவது முதலில் பார்த்துச் சத்தமாகச் சொல்லும், துணிக்கு அடியில் நடந்துகொண்டிருப்பதன் பெயரை.